மேற்குக் காடி

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகன் கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். சேலத்தில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே தடித்த பலகை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். பலகையின் அடிப்பக்கத்தில் பென்சிலால் இரண்டு பட்டைகள் வரையப்பட்டிருந்தன. கணினி வேலைக்காரர் அவர். வாரத்தில் ஐந்து நாள் அறைக்குள் உட்கார்ந்து யார் யாருடனோ ஆங்கிலத்தில் பேசுகிறார், ஆறாவது நாள் மரத்தைப் பிடித்துக்கொள்கிறார். யூடியூபைப் பார்த்து மரவேலை செய்வதற்கான மேசை ஒன்றைத் தானே செய்யப் போகிறாராம். மரவேலைக்கு மேசை வேண்டும், அந்த மேசையைச் செய்வதே பெரிய மரவேலை என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகளுக்குச் சிரிப்பு வரவில்லை, துணி காயப்போட இடம் போய்விட்டது என்கிறாள்.

படத்தைத் தொடர்ந்து அழைப்பும் வந்தது. "மாமா, ரெண்டரை இஞ்ச் ஆழம், ஆறு இஞ்ச் அகலம் வெட்டறேனுங்க. சட்டம் உள்ள போய் உக்கார்றதுக்கு எவ்வளவு லூசு விடறதுங்க?"

"விடாதீங்க," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள், அந்தப் பக்கம் மருமகன் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு நானே சமாளித்து, கோட்டுக்கு உள்பக்கமாக அறுங்கள், இறுக்கமாக இருந்தால் சீவிக்கொள்ளலாம், தளர்ந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று பெரிய ஆசாரி மாதிரி விளக்கம் கொடுத்தேன். நான் ஆசாரி இல்லை. சேலத்தில் கீல், தாழ்ப்பாள், திருகாணி விற்று வயிறு வளர்த்தவன். அதற்கு முன்னால் ஒரு ஆறேழு வருடம் உளி பிடித்தேன், அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். கடையில் இருந்தால் வாடிக்கையாளர் குறுக்கே வந்துவிடுவார். இங்கே நீங்கள் ஓடிப்போக முடியாது.

படத்தில் வாசனை வராது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பலகையைப் பார்த்ததும் மூக்கில் பச்சை வேல மரத்தின் வாடை ஏறியது. வேல மரத்தை அறுத்தால் ஒரு புளிப்பு வாடை வரும். ஈரச் சாக்கில் புளியைக் கட்டி வைத்த மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லுக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் நான் வேலை பார்த்த லாரி பாடி பட்டறையில் காலை முதல் சாயங்காலம் வரை அந்த வாடைதான். தூக்குப்போசியைத் திறந்தால் சோற்றிலும் அதுவே. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது சோப்புப் போட்டு இரண்டு முறை குளித்துவிட்டுப் போனேன். பெண் வீட்டில் ஒரு பெரியம்மா பக்கத்தில் வந்து முகர்ந்துவிட்டு, மாப்பிள்ளை மரக்கடையா என்று கேட்டார்.

எனக்குச் சொந்த ஊர் எருமப்பட்டிப் பக்கம். எங்களுக்குக் காடு இருந்தது, கிணறும் இருந்தது. தண்ணீர்தான் இல்லை. இரண்டு முறை ஆழப்படுத்தி, மூன்றாவது முறை பக்கத்தில் போர் போட்டு, அதிலும் புகைதான் வந்தது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டறையில் விட்டார். எங்கள் காட்டில் வரப்பு ஒரு முழம் கோணலாகப் போனாலும் யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். பட்டறையில் அரை நூலுக்குப் பேச்சு வாங்கினேன். அங்குலத்தை எட்டுப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு, மரவேலைக்காரர்கள் கணக்கில் ஒரு நூல். ஒரு மாதம் வரைக்கும் அதைக் கண்ணால் பார்க்கவே எனக்கு வரவில்லை.

லாரி புதிதாக வரும்போது என்ஜினும் சக்கரமும் நீண்ட இரும்புச் சட்டமுமாக மொட்டையாகத்தான் வரும். ஓட்டுநர் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் தூசியிலும் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிக்கொண்டு வருவார். வந்து இறங்கியதும் முதலில் பல் விளக்குவார். அந்த மொட்டை வண்டிக்கு மேற்கட்டு கட்டுவதுதான் எங்கள் வேலை. நீளவாக்கில் இரண்டு கனத்த மரச்சட்டம், அவற்றின் மேல் வரிசையாகக் குறுக்குச் சட்டங்கள். குறுக்குச் சட்டம் உட்காரும் இடத்தில் மரத்தை அகலமாகவும் ஆழமாகவும் வெட்டிப் பள்ளம் எடுக்க வேண்டும். அந்தப் பள்ளத்துக்குப் பெயர் காடி. இரண்டு ஓரங்களையும் வாளால் அறுத்து, நடுவிலும் நெருக்கமாகச் சில அறுப்புகள் போட்டு, உளியை வைத்துக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அடித்தால் துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். ஆழம் போகப் போகச் சத்தம் மாறும். முதலில் கணீரென்று கேட்பது, இரண்டு அங்குலம் தாண்டியதும் தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கண்ணை மூடிக்கொண்டே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

லாரி வேலையில் காடியை இறுக்கமாக வெட்டக்கூடாது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சேசிஸ் முறுக்கும். இறுக்கிப் பிடித்திருக்கும் மரம் அப்போது வெடித்துவிடும். கொஞ்சம் இடம் விட்டு வைத்தால் அசைந்து கொடுத்துக்கொண்டே வருடக்கணக்கில் ஓடும். அதனால் கோட்டுக்கு வெளியே ஒரு நூல் தள்ளி அறுப்போம், மிச்சத்தை போல்ட் பார்த்துக்கொள்ளும். நான்கு வருடம் இப்படியே அறுத்து அறுத்து, பென்சில் கோட்டைப் பார்த்தால் என் கை தானாகவே வெளிப்பக்கம் போய் நிற்கும்.

செல்வராசு எனக்குச் சோடி. இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே வருடத்தில் சேர்ந்தவர்கள். சட்டத்தின் ஒரு முனையில் அவன், மறுமுனையில் நான். அவன் மல்லசமுத்திரத்தில் பெண் கட்டி, பட்டறைக்கு எதிரே ரோட்டைத் தாண்டி ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தான். குட்டையான ஆள், பேச்சு குறைவு. ஆனால் யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு இருக்கும், என்ன செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று சந்தேகப்பட வைக்கும் சிரிப்பு. என்னை மாப்ளே என்பான். என் கல்யாணம் நிச்சயமானபோது, பெண்ணுக்கு மூக்கில் சளி இருக்குமோ, உன் வாடை எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டான்.

அந்த வருடம் முதலாளி எங்கிருந்தோ ஒரு வாகைப் பலகை வாங்கி வந்து இறக்கினார். பன்னிரண்டடி நீளம், ஐந்தங்குலக் கனம். அதுவரைக்கும் நாங்கள் காலித் தகர டின்களின் மேல் பலகையைப் போட்டு இழைத்துக்கொண்டிருந்தோம். ஒழுங்கான வேலை மேசை ஒன்று செய்துவிடலாம், கீழே வேல மரத்தில் கால் என்று சொன்னார். ஒவ்வொரு முனையிலும் இரண்டு கால்களைக் குறுக்குச் சட்டம் சேர்க்கும். அந்தக் குறுக்குச் சட்டம் பலகையின் அடிவயிற்றில் வெட்டிய காடிக்குள் போய் உட்கார வேண்டும். ஆக இரண்டு காடி. கிழக்குக் காடி செல்வராசுக்கு, மேற்குக் காடி எனக்கு. போல்ட் கிடையாது. இரும்பு இருந்தால் மரம் இழைக்கும்போது இழைப்புளியின் வாய் மழுங்கிப் போய்விடும் என்பதால் மர முளைதான்.

முதலாளி நேரில் வந்து நின்று, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார். "இது வண்டி இல்லப்பா, ஓடறதுக்கு. எந்தப் பக்கம் ஆடுதோ அந்தப் பக்கத்துக்காரன் உளிப்பையத் தூக்கிட்டு ஊடு போய்ச் சேரலாம்."

அவர் அப்படிச் சொன்னால் அப்படியே செய்கிறவர். எனக்கு அடுத்த ஆவணியில் கல்யாணம். பையன் கைத்தொழில் பழகியிருக்கிறான், பட்டறையில் வேலை நிலையாக இருக்கிறது என்று சொல்லித்தான் பெண் கேட்டிருந்தார்கள். காய்ந்த கிணற்றைக் காட்டி யாரும் பெண் கேட்க முடியாது.

பலகையைக் கவிழ்த்துப் போட்டு ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தோம். காலையில் ஆரம்பித்தது, வாகை நல்ல மரம், மதியத்துக்கெல்லாம் ஆழம் எடுத்துவிட்டோம். செல்வராசு சட்டத்தைத் தன் காடியில் வைத்து ஒரு பலகைத் துண்டைக் கொடுத்து, கொட்டாப்புளியால் நிதானமாக அடித்தான். பத்துப் பதினைந்து அடி வாங்கிக்கொண்டு முனகியபடி அது உள்ளே இறங்கியது. நான் என் சட்டத்தைத் தூக்கி வைத்தேன். கையாலேயே அழுத்தினேன். உட்கார்ந்துவிட்டது.

"கையிலயே போயிருச்சா?" என்றான் செல்வராசு.

"போயிருச்சு," என்றேன். அதை அவன் பாராட்டாகச் சொன்னான் என்றே நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையனாக இருந்திருக்கிறேன் பாருங்கள். அவன் எழுந்து வந்து என் காடியைக் குனிந்து பார்த்தான். முதலாளி அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். செல்வராசு ஒரு கை மரத்தூளை அள்ளி என் காடி ஓரத்தில் போட்டுத் தேய்த்துவிட்டு, திருப்பலாமுங்க என்றான். சுத்தம் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு பேர் சேர்ந்து மேசையைப் புரட்டி நிறுத்தினோம். முதலாளி மேலே ஏறி உட்கார்ந்து இடுப்பை அசைத்துப் பார்த்தார். மேசை அசையவில்லை. எல்லாருக்கும் அன்றைக்குப் போண்டா.

ஒரு வாரம் கழித்து செல்வராசு புதிதாக ஒரு பழக்கத்தை ஆரம்பித்தான். மூன்று மணிக்கு எங்களுக்கு டீ. மேற்கே தகரக் கூரைக்குக் கீழிருந்து வெயில் உள்ளே நுழைந்து மேசையின் மேற்கு முனையில் விழும் நேரம் அது. செல்வராசு தன் கிழக்கு முனையிலிருந்து எழுந்து, என் முனைக்கு நடந்து வந்து, கொட்டாப்புளியோடு நிற்பான். டொக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு, டொக் டொக் என்று இரண்டு. அந்த மூன்று தட்டும் கேட்டால் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு டீக்குப் போவார்கள். பெரிய மேஸ்திரி ஆகிவிட்டான் என்று கேலி செய்தோம். உன் முனையில் தட்டினால் என்ன, என் தலைமாட்டில்தான் வந்து தட்ட வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, "உன் மொனைல தட்டுனாத்தான் மாப்ளே நல்லாக் கேக்குது," என்றான். அதற்கும் அந்தச் சிரிப்புதான்.

இப்படி ஒன்றரை வருடம் போயிற்று. ஆவணி வந்து எனக்குக் கல்யாணமும் ஆயிற்று. அதற்கடுத்த தையில் செல்வராசுக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளாகிவிட்டது என்றார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்கள் முழுக்க மேகமூட்டம், பட்டறைக்குள் வெயிலே விழவில்லை. பதினோராம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டான். நான் போய்ப் பார்த்தபோது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. அவனை அடையாளம் தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் தாங்க முடியவில்லை.

மூன்று நாள் பட்டறைக்கு லீவு. நான்காம் நாள் வேலை தொடங்கியது. மூன்று மணி ஆயிற்று, மேற்கு முனையில் வெயில் விழுந்தது. மேசைப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. டொக் என்று ஒரு சத்தம் கேட்டது.

ஒரே ஒரு சத்தம். அதற்குப் பின்னால் வர வேண்டிய இரண்டும் வரவில்லை. எல்லாருடைய கையும் நின்றுவிட்டது. மறுநாளும் அதே நேரத்துக்கு ஒரு தட்டு. அதற்கடுத்த நாளும். செல்வராசு மேசைக்குள் வந்துவிட்டான், பாவம் மூன்று தட்டுத் தட்டத் தெம்பில்லை என்று பேசிக்கொண்டார்கள். முதலாளி எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி நான்கு காலிலும் வைத்தார். பன்னிரண்டடி மேசை சும்மா கிடக்க, நாங்கள் பழையபடி தகர டின்னின் மேல் பலகையைப் போட்டு இழைத்தோம்.

எனக்கு விஷயம் தெரிய ஐந்து நாள் ஆயிற்று. ஒரு காலையில் மற்றவர்கள் வருமுன் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துப் பார்த்தேன். என் காடியில் மரத்தூள் எல்லாம் கொட்டிப்போயிருந்தது. சட்டைப் பையில் இருந்த பஸ் டிக்கெட்டை எட்டாக மடித்து இடுக்கில் நுழைத்தேன், தாராளமாகப் போயிற்று. ஒரு நூல். சட்டம் உரசிய இடம் எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளவென்று இருந்தது. வெயில் பட்டுப் பலகை இழுக்கும்போது சட்டம் இடம் மாறி இடிக்கிறது, அவ்வளவுதான். லாரிக்கு வெட்டுகிற கையால் மேசைக்கும் வெட்டியிருக்கிறேன். பேயும் இல்லை, செல்வராசும் இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உளிப்பையைத் தூக்க வேண்டியது நான்தான். மனைவி அப்போது ஐந்து மாதம். அதனால் மற்றவர்களோடு சேர்ந்து நானும் மேசையைச் சுற்றிக்கொண்டு போனேன், மூன்று மணிக்கு நானும் நெஞ்சில் கை வைத்தேன். இன்னும் வெட்கக்கேடு என்னவென்றால், சத்தம் எதுவென்று தெரிந்த பிறகும் அது கேட்கும்போது அந்தக் கை நடிப்பில்லாமல் தானாகவே நெஞ்சுக்குப் போயிற்று.

செல்வராசுவின் மனைவி வசந்தா அவனுடைய உளிப்பையை வாங்கிப்போக ஒரு நாள் வந்தாள். வந்த நேரம் மூன்று மணி. மேசை ஒரு தட்டுத் தட்டியது. அவள் அப்படியே நின்றாள். பிறகு மேசைக்குப் பக்கத்தில் போய், வலது கை விரல் முட்டியால் பலகையின் மேல் இரண்டு முறை தட்டினாள். மறுநாளிலிருந்து தினமும் வந்தாள். இரண்டரை மணிக்கு ரோட்டைத் தாண்டி வந்து, மேற்கு முனையில் ஒரு டின்னைப் போட்டு உட்காருவாள். குழந்தைக்கு ஒன்றரை வயது, அது மேசைக்கடியில் சுருள் சுருளாகக் கிடக்கும் மரச்சீவலில் விளையாடும். மேசை ஒன்று தட்டும், அவள் இரண்டு தட்டுவாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். புருஷனைக் கூப்பிடுகிறாள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். முதலாளிகூட, வரட்டும் விடுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த நேரத்தில் வெளியே போய் நிற்பார்.

இப்படி இரண்டு மாதம். பங்குனியில் அவளுடைய அப்பா மல்லசமுத்திரத்திலிருந்து வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துப் பேசினார். ஊரில் பால்வாடியில் ஆயா வேலைக்கு அவளைச் சொல்லி வைத்திருக்கிறாராம். இந்த மாதத்துக்குள் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். இவள் வர மாட்டேன் என்கிறாளாம். சாப்பாடும் சரியாக இல்லை, வீட்டு வாடகையை இன்னும் எத்தனை நாளைக்குத் தன்னால் அனுப்ப முடியும் என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் அவ நகர மாட்டா சாமி. நீங்க மரம் தெரிஞ்சவரு. அத எப்படியாச்சும் நிறுத்திப்போடுங்க. பேயோ பிசாசோ எனக்குத் தெரியாது, எம்புள்ளையும் பேத்தியும் பொழைக்கோணுமில்லீங்களா?"

நான் சரி என்றேன். ஒரு நல்ல காரியத்துக்குத்தான் சரி என்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதோடு சேர்ந்து என் தப்பும் ஒருவருக்கும் தெரியாமல் மூடிப்போகும் என்பதையும் அந்த டீ ஆறுவதற்குள் யோசித்துவிட்டேன். இதை மறைத்துச் சொன்னால் நான் உங்களிடம் பேசுவதிலேயே அர்த்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. காலை பத்து மணிக்கு, காவல்காரரிடம் டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே போனேன். வேல மரத்தில் மெல்லிசாக ஆப்பு ஒன்று சீவினேன். ஒரு நுனி காகிதம், மறுநுனி ஒரு நூலுக்குக் கொஞ்சம் மேலே. மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, காடி இடுக்கில் கொடுத்து அடித்தேன். முதல் அடியில் சத்தம் ஓட்டையாக இருந்தது. நான்காவது அடியில் கணீரென்று ஆகிவிட்டது. மேசை முழுக்க அந்தக் கணீர் ஓடியது. நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்துவிட்டு, வெட்டு வாய் புதிதாகத் தெரியாமல் இருக்க மண்ணையும் வேர்வையையும் சேர்த்துத் தேய்த்தேன். பட்டறையில் நான் செய்த வேலைகளிலேயே மிகச் சுத்தமான வேலை அது.

திங்கட்கிழமை வசந்தா வந்தாள், டின்னைப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று மணி வெயில் வந்து விழுந்தது. நாங்கள் எல்லாரும் வேலை செய்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருந்தோம். ஒன்றும் கேட்கவில்லை. வெயில் பலகை மேல் நகர்ந்து, ஓரத்துக்குப் போய், தரையில் இறங்கியது. அப்போதும் இல்லை. மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக டீக்குப் போனார்கள். செல்வராசு போய்விட்டான், நிம்மதியாகிவிட்டான் என்று யாரோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. நான் மட்டும் கால் நகராமல் நின்றேன்.

வசந்தா எழுந்தாள். எழுந்து குனிந்தாள். நேராக மேற்குக் காடிக்குக் கையைக் கொண்டுபோய், மண் தேய்த்து வைத்திருந்த அந்த ஆப்பின் மேல் விரலை வைத்தாள். தேடவே இல்லை. அது எந்த இடம் என்று அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

"ஆப்படிச்சுட்டீங்களாண்ணா?" என்றாள்.

நான் கையில் இருந்த உளியைக் கீழே வைத்தேன்.

"மொதத் தட்டு உங்க காடியோடதுங்க. பின்னால ரெண்டுந்தான் அவருது." அவள் குரலில் கோபமே இல்லை, ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். "ஒரு நூல் விட்டு வெட்டிப்போட்டான் மாப்ள, மூணு மணி வெயிலுக்கு அது சத்தம் குடுக்குது, மொதலாளிக்குத் தெரிஞ்சா அவன் கல்யாணம் நின்னு போயிரும்னு வந்து சொல்லிச் சிரிப்பாருங்க. அதனால அது தட்டுன ஒடனே மேலயே ரெண்டு தட்டு தட்டி, எல்லாத்தையும் டீக்குக் கூப்புட்டுருவேன்னு சொல்லுவாரு."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை வருடம். ஒவ்வொரு நாளும் கிழக்கு முனையிலிருந்து எழுந்து வந்து நின்றிருக்கிறான். மேஸ்திரி என்று கேலி செய்தேன். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினான், அப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் தலைமாட்டில் எதற்கடா தட்டுகிறாய் என்று நான் கேட்டதற்கு அவன் உண்மையையே பதிலாகச் சொல்லியிருக்கிறான்.

"அது அவரு இல்லைன்னு எனக்குத் தெரியாதுங்களாண்ணா," என்றாள் வசந்தா. "அது ஒண்ணு தட்டிப்போட்டு, பின்னால ஆளில்லாம நிக்குது. அதான் அவருது ரெண்டையும் நான் தட்டிட்டிருந்தேன். அந்த ஒண்ண நீங்க எடுத்துட்டீங்க. இனி எதுக்கு மேல தட்டறதுங்க?"

குழந்தையின் தலையில் ஒட்டியிருந்த மரச்சீவலை எடுத்துவிட்டு, அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனாள். அந்த வாரமே மல்லசமுத்திரம் போய்விட்டாள். வேலையும் கிடைத்ததாகச் சொன்னார்கள். அவளுடைய அப்பா எனக்கு ஒரு பை நிலக்கடலை கொடுத்தனுப்பினார். நல்லது செய்ததற்கு. நான் அதைத் தொடவில்லை, என் மனைவிதான் வறுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய் ஆப்பைப் பிடுங்கிவிட்டேன். மூன்று மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் வந்தது, போனது. சத்தம் இல்லை. அதற்கடுத்த ஒரு மாதம் தினமும் காது கொடுத்தேன். ஆப்பு ஏறிய இறுக்கத்தில் மரம் வேறு மாதிரி உட்கார்ந்துவிட்டதோ, சித்திரை வெயிலில் பலகை வளைந்துகொண்டதோ, எனக்குத் தெரியவில்லை. இடுக்கு அப்படியே இருந்தது. பஸ் டிக்கெட் அப்படியே உள்ளே போயிற்று. தட்டு மட்டும் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் முதலாளியிடம் போய், மேற்குக் காடி நான்தான் தளர்த்தி வெட்டினேன், அதுதான் சத்தம் போட்டது என்று சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, சினேகிதன் போனதில் உனக்கு மனசு சரியில்லை, இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள் என்றார். பேய் என்று நம்பியவர் காடி என்று நம்ப மாட்டேன் என்றார்.

பிறகு லாரிகளுக்கு இரும்பிலேயே கட்ட ஆரம்பித்தார்கள், வெல்டிங்காரர்கள் வந்தார்கள், காடி வெட்டுகிற வேலையே இல்லாமல் போயிற்று. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது, இரும்பு நல்ல சாமான். நான் சேலத்துக்கு வந்து கடை போட்டேன். சாலையை அகலப்படுத்தியபோது பட்டறையின் முன்பாதி போயிற்று, மீதியை முதலாளியின் பிள்ளைகள் விற்றார்கள். மேசையைச் சாயப்பட்டறை அடுப்புக்கு விறகாகக் கேட்டார்கள் என்று எனக்குச் சொல்லியனுப்பினார்கள், வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள் என்று. போனேன். பன்னிரண்டடிப் பலகையை வைக்க என் வீட்டில் இடமில்லை. நானே நின்று நான்கு துண்டாக அறுக்கச் சொல்லி, சாயப்பட்டறை வண்டியிலேயே ஏற்றிவிட்டு வந்தேன்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து சேலம் செவ்வாய்ப்பேட்டையில், மளிகை மண்டிச் சந்து ஒன்றில், ஆட்டோவுக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது பக்கத்தில் வசந்தா நின்றாள். தலை நரைத்திருந்தது. மகளுக்குக் கல்யாணம், சாமான் வாங்க வந்தோம் என்றாள். அந்தக் குழந்தை என்னை விட உயரமாக வளர்ந்து, கையில் பட்டியலோடு கடைக்குள் நின்றுகொண்டிருந்தது. என் வீட்டைப் பற்றி விசாரித்தாள். நானும் விசாரித்தேன். கிளம்பும்போது திரும்பி நின்றாள்.

"மேசை இருக்குதுங்களாண்ணா?"

"இருக்குது அம்மிணி."

"தட்டுதுங்களா?"

"ஆப்ப அப்பவே புடுங்கிட்டேன். தட்டுது," என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். லோடு ஆட்டோக்காரன் ஒருவன் ஒதுங்கச் சொல்லி ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"பின்னால ரெண்டு?"

"நாந்தான் தட்டறேன்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நான் சொன்னதை நம்பினாளா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. மகள் உள்ளிருந்து கூப்பிட்டாள், "வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே போய்விட்டாள்.